மேடு மேடாக ஏறி: வேதாகம ஊர்களைத் தேடி ஒரு பயணம்

திங்கள், நபி சாமுவேல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தத் தொடரில் பெத்லகேம் பிறப்பிடக் கோயில், ஒலிவ மலை, யோர்தான் ஞானஸ்நானம் எல்லாம் வராது. அதற்கு நம் ஊரிலிருந்தே பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்துபோகிறார்கள், அவர்களே நிறைய எழுதியும்விட்டார்கள். நானும் மாமாவும் வந்தது வேறு ஒரு கிறுக்குக்காக. யோசுவா புத்தகத்தில் பக்கம் பக்கமாக ஊர்ப் பெயர்கள் வருமே, வாசிக்கும்போது எல்லோரும் தாண்டிப்போகும் அந்த அதிகாரங்கள், அந்த ஊர்களெல்லாம் இன்றைக்கு எங்கே இருக்கின்றன, 'இதுதான் அது' என்று எதை வைத்து முடிவு செய்தார்கள் என்று பார்க்க வேண்டும். மாமா ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார். கையில் பழைய தமிழ் வேதாகமம், பையில் ஒரு காந்த ஊசி. போனில் வரைபடம் இருக்கே மாமா என்றால், "அது உனக்குல, இது எனக்கு" என்கிறார்.

எருசலேமுக்கு வடமேற்கில் உள்ள நபி சாமுவேல் குன்றில்தான் தொடங்கினோம். உயரம் கிட்டத்தட்ட 900 மீட்டர். மேலே சாமுவேல் தீர்க்கதரிசியின் கல்லறை என்று சொல்லப்படும் கட்டடம். ஒரே கட்டடத்தில் மசூதியும் இருக்கிறது, யூதர்கள் ஜெபிக்கும் இடமும் இருக்கிறது. மொட்டைமாடிக்கு ஏறிவிட்டால் பென்யமீன் நாடு முழுக்கக் காலடியில். வடக்கே பள்ளத்தில் தெரிகிற சின்ன கிராமம் அல்-ஜிப். அதுதான் கிபியோன்.

இதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1838இல் எட்வர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியர், அரபு நன்றாகப் பேசத் தெரிந்த ஈலி ஸ்மித் என்ற மிஷனரியைக் கூட்டிக்கொண்டு இந்த மலைகளில் சுற்றினார். மடத்துத் துறவிகள் காட்டுகிற இடங்களை அவர் நம்பவில்லை. அவை பெரும்பாலும் யாத்ரீகர்களுக்காக யாரோ கட்டிவிட்ட கதை என்பது அவர் எண்ணம். அதற்குப் பதிலாக வயலில் நிற்கும் ஆட்களிடம் போய் இந்த மேட்டுக்குப் பெயர் என்ன, அந்த ஊற்றுக்குப் பெயர் என்ன என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். எபிரேயமும் அரபும் உறவு மொழிகள் என்பதால் பெயர்கள் அவ்வளவாகச் சிதையாமல் வாயிலேயே தங்கியிருந்தன. அனாத்தா என்றார்கள், அது எரேமியாவின் ஆனதோத். முக்மாஸ் என்றார்கள், அது யோனத்தான் பெலிஸ்தரை அடித்த மிக்மாஸ். பேதின் என்றார்கள், அது பெத்தேல். கடைசியில் இருக்கும் 'ல்' இப்படி 'ன்' ஆவது அங்கே சாதாரணமாம், யெஸ்ரயேல் கூட 'ஸெரின்' ஆகிக் கிடந்தது.

ஆனால் பெயர் மட்டும் போதுமா? கிபியோன், கேபா, கிபியா என்று பக்கத்துப் பக்கத்திலேயே மூன்று ஊர்கள். மூன்றுக்கும் வேர் ஒன்றுதான், மேடு. ராமா என்றால் உயரம், மிஸ்பா என்றால் காவல் பார்க்கும் இடம். எல்லாக் குன்றுக்கும் 'குன்று' என்றே பெயர் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள், பின்னால் வருகிறவன் என்ன செய்வான்? மிஸ்பா எது என்பதில் இன்றைக்கும் இரண்டு கட்சி. நாங்கள் நின்ற இந்தக் குன்றுதான் என்றார் ராபின்சன். இல்லை, வடக்கே தெல் என்-நஸ்பே என்ற மேடுதான் என்பவர்களே இப்போது அதிகம். ('தெல்' என்றால் பழைய ஊர் இடிந்து இடிந்து குவிந்த மேடு.)

கிபியோனுக்கு மட்டும் அந்தச் சந்தேகம் ஓரளவு தீர்ந்துவிட்டது. 1956 முதல் 1962 வரை ஜேம்ஸ் பிரிட்சார்ட் அங்கே தோண்டினார். பாறையைக் குடைந்த பெரிய வட்டக் குளம், குறுக்களவு 11 மீட்டருக்கு மேல், ஓரத்தில் சுற்றிச் சுற்றி இறங்கும் படிகள். அதற்குள் கொட்டிக் கிடந்த குப்பையில் திராட்சரச ஜாடிகளின் உடைந்த கைப்பிடிகள், அவற்றில் பழைய எபிரேய எழுத்தில் 'கிபியோன்' என்று கீறியிருந்தது. ஒன்றல்ல, பல. பக்கத்திலேயே திராட்சரசம் வைக்கப் பாறையில் தோண்டிய நிலவறைகள் 63. தாவீதின் படைத்தலைவன் யோவாபின் ஆட்களும் சவுல் வீட்டுப் படைத்தலைவன் அப்னேரின் ஆட்களும் எதிரெதிரே உட்கார்ந்த கிபியோன் குளத்தை மாமா உடனே 2 சாமுவேல் 2ஆம் அதிகாரத்தில் எடுத்து வாசித்தார். அந்தக் குளமும் இந்தக் குளமும் ஒன்றா என்பது வேறு கேள்வி. ஊர் இதுதான்.

அல்-ஜிப்புக்கு உள்ளே போக முடியவில்லை. நடுவில் தடுப்புச் சுவர், ராமல்லா பக்கமாகச் சுற்றித்தான் போக வேண்டும், எங்கள் வாடகைக் காருக்கு அங்கே அனுமதியும் இல்லை, காப்பீடும் இல்லை. மாடியிலிருந்து பார்த்ததோடு சரி.

செவ்வாய், கேசேர், எம்மாவு

எருசலேமுக்கும் டெல் அவீவுக்கும் நடுவில், மலை முடிந்து சமவெளி தொடங்கும் இடத்தில் கேசேர். நுழைவுக் கட்டணம் இல்லை, ஆள் இல்லை, கடைசியில் மண் பாதை. நேற்று ராத்திரி மழை பெய்திருந்ததால் செருப்பு ஆளுக்கு ஒரு கிலோ கனத்தது.

இந்த ஊர் கிடைத்த கதைக்காகவே இங்கே வரலாம். சார்ல்ஸ் கிளெர்மோன்-கன்னோ என்ற பிரெஞ்சுக்காரர் 15ஆம் நூற்றாண்டு அரபு வரலாற்று ஆசிரியர் முஜீருத்தீன் எழுதியதை வாசித்துக்கொண்டிருக்கிறார். அதில் ஏதோ ஒரு சண்டையைச் சொல்லும்போது போகிற போக்கில் 'தெல் ஜெசெர்' என்று ஒரு பெயர் வருகிறது. வேறு யாராக இருந்தாலும் பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள். இவர் 1871இல் கிளம்பி வந்து அந்த மேட்டையே பிடித்துவிட்டார். மற்றவர்கள் நம்பவில்லை. மூன்று வருடம் கழித்து, 1874இல், மேட்டுக்குக் கொஞ்சம் தள்ளிப் பாறையில் வெட்டிய எழுத்துகள் கிடைத்தன. எபிரேயத்தில் 'கேசேரின் எல்லை', கூடவே கிரேக்கத்தில் அல்கியோஸ் என்ற ஒருவருடைய பெயர். அதற்கப்புறம் இதேபோல இன்னும் பல எல்லைக் கற்கள் சுற்றுவட்டாரத்தில் கிடைத்தன. தன் பெயரைத் தானே பாறையில் எழுதி வைத்துக்கொண்டிருந்த ஊர். இவ்வளவு உறுதியான சான்று மற்ற ஊர்களில் எத்தனைக்கு இருக்கிறது என்று பார்த்தால் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பெயருக்குப் பொருள் வெட்டுதல், துண்டித்தல் என்ற வேரிலிருந்து சொல்கிறார்கள். பார்வோன் இந்த ஊரைப் பிடித்து எரித்துவிட்டு, சாலொமோனுக்குக் கட்டிக்கொடுத்த மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தான் என்று 1 இராஜாக்கள் 9இல் இருக்கிறது. எரித்த ஊரைச் சீதனமாகக் கொடுத்தால் மாமனார் மருமகனுக்குக் கட்டட வேலைதான் கொடுத்திருக்கிறார் என்று மாமா சிரித்தார். ஆறு அறைகள் கொண்ட வாசல் இருக்கிறது. அதைவிடப் பழையது, வரிசையாக நட்டுவைத்த பத்துக் கற்கள், சிலது ஆளைவிட ரொம்ப உயரம். பக்கத்தில் ஒரு கல்தொட்டி, நேற்றைய மழைத்தண்ணீர் நிறைந்து, அதில் தவளை. 1908இல் இங்கே கிடைத்த விவசாய மாதங்களின் பட்டியல், ஒலிவ அறுப்பு, விதைப்பு, வாற்கோதுமை அறுப்பு என்று சுண்ணாம்புக் கல்லில் கீறியது, இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அன்றைக்கு இது துருக்கியர் ஆட்சி.

திரும்பும் வழியில் லத்ரூன் பக்கம் எம்மாவு. இங்கே நேர் எதிர்க் கதை. உயிர்த்தெழுந்த இயேசு இரண்டு சீஷரோடு நடந்துபோன ஊர். நம் தமிழ் வேதாகமத்தில் எருசலேமிலிருந்து ஏழு எட்டு மைல் என்று இருக்கும், கிரேக்கத்தில் 60 ஸ்தாதி (அந்தக் காலத்துத் தூர அளவு). ஆனால் சில பழைய பிரதிகளில் 160 ஸ்தாதி, அதாவது முப்பது கிலோமீட்டர் அளவு. அந்த ஒரு எண்ணால் ஊரே மாறுகிறது. 160 என்றால் இந்த இடம்தான், பழைய சபை வரலாற்று ஆசிரியர் எவுசேபியுவும் இதைத்தான் சொன்னார், இம்வாஸ் என்ற அரபுக் கிராமம் பெயரையும் 1967 வரை காப்பாற்றி வைத்திருந்தது. அந்த வருடப் போரில் மக்களை வெளியேற்றி ஊரை இடித்துவிட்டார்கள், இப்போது அந்த நிலம் பூங்கா. 60 என்றால் அபூகோஷ் அல்லது குபேபே. எனக்கு 60தான் சரி என்று படுகிறது, சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தவர்கள் அந்த நேரமே எழுந்து முப்பது கிலோமீட்டர் மலையேறித் திரும்பினார்கள் என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கிறது. மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "கண்ணால பாத்தவனுக்குக் கால் வலிக்குமால?" என்று கேட்டுவிட்டார், அதற்குமேல் என்ன பேசுவது.

புதன், ஏலா பள்ளத்தாக்கு

தாவீதும் கோலியாத்தும் சண்டை போட்ட பள்ளத்தாக்கு. ஏலா என்றால் ஒரு வகை மரம், அந்த மரம் இன்றும் நிற்கிறது. வண்டியில் வருகிறவர்கள் எல்லாம் இறங்கி ஓடையில் ஐந்து கூழாங்கல் பொறுக்குகிறார்கள். நாங்கள் அதைச் செய்யாமல் கீர்பெத் கெய்யாஃபா என்ற கோட்டைக்கு ஏறினோம்.

2007 முதல் 2013 வரை யோசேப் கார்ஃபிங்கல் தலைமையில் தோண்டிய இடம். சின்ன ஊர், சுற்றிக் கனமான மதில், அதில் வாசல் இரண்டு. இவ்வளவு சின்ன ஊருக்கு ஒரு வாசலே போதும், காவல் காப்பதும் சுலபம். அப்படியென்றால் இது சாராயீம் என்கிறார் கார்ஃபிங்கல். (பெயரைக் கேட்டு சிரிக்க வேண்டாம்.) எபிரேயத்தில் 'ஷஅர்' வாசல், '-ஆயிம்' என்று முடிந்தால் இரண்டு, ஆக 'இரு வாசல்'. கோலியாத் விழுந்ததும் பெலிஸ்தர் சாராயீம் வழியாக ஓடினார்கள் என்று 1 சாமுவேல் 17இல் வருவதால் இடமும் பொருந்துகிறது.

கேட்க அழகாக இருக்கிறது. எனக்கு முழுசாக இறங்கவில்லை. கிபியோனில் பெயர் எழுத்தில் கிடைத்தது, கேசேரில் பாறையிலேயே இருந்தது, இங்கே பெயரின் பொருளை வைத்துக்கொண்டு மதிலில் ஓட்டை எண்ணுகிறோம். இரண்டாவது வாசல் உண்மையில் வாசல்தானா என்றே சில ஆய்வாளர்கள் கேட்கிறார்கள். மேற்கு வாசலில் நின்று பார்த்தால் அசெக்கா என்ற பழைய ஊரின் மேடு நன்றாகத் தெரிகிறது. தெற்கு வாசலில் நிற்கும்போது மாமா காந்த ஊசியை எடுத்து, திசை சரிதான் என்று சான்றிதழ் கொடுத்தார்.

வியாழன், எக்ரோன், காத்

இன்றைக்குத்தான் இந்தப் பயணத்தின் சிறந்த நாள். பெலிஸ்தரின் ஐந்து நகரங்களில் காத்சா (இன்றைய காசா), அஸ்கலோன், அஸ்தோத் மூன்றும் பெயரைத் தொலைக்கவேயில்லை, பிரச்சினை மற்ற இரண்டில்தான்.

காலையில் வரைபடத்தில் எக்ரோன் என்று தேடினால் ரெஹோவோத் பக்கம் கிர்யாத் எக்ரோன் என்ற ஊரைக் காட்டுகிறது. பலகை, பேருந்து நிறுத்தம், அடுக்குமாடி வீடுகள் எல்லாம் இருக்கின்றன. அங்கே முன்பு அக்கிர் என்ற அரபுக் கிராமம் இருந்தது. ராபின்சன் அந்தப் பெயரைக் கேட்டு, இதுதான் எக்ரோன் என்று எழுதினார், எல்லோரும் நம்பினார்கள். ஆனால் மண்ணுக்குள் பெலிஸ்தர் காலத்துப் பெரிய நகரத்துக்கான தடயம் அங்கே இல்லை. பெயர் சொன்னதைப் பானை ஓடு ஒத்துக்கொள்ளவில்லை.

1957இல் யோசேப் நாவே என்பவர், பத்துக் கிலோமீட்டருக்குள் தெற்கே, தெல் மிக்னே என்ற மேடுதான் எக்ரோன் என்றார். அங்கே நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. ரெவாதிம் என்ற கிபுட்ஸுக்கு (கூட்டுப் பண்ணைக் கிராமம்) பக்கத்தில், நான்கு பக்கமும் வயல், மேடு என்று சொல்லவே கூச்சமாக இருக்கும் அளவுக்குத் தட்டை. உழுத மண்ணில் ஓடுகள் சிதறிக் கிடக்கின்றன. எடுக்கக் கூடாது, குனிந்து பார்க்கலாம். ஒன்றில் சிவப்புப் பட்டை இன்னும் மங்காமல் இருந்தது, இன்னொன்றில் குயவனின் விரல் இழுத்த வரிகள். த்ரூட் தோத்தானும் சேமூர் கிட்டினும் 1981 முதல் 1996 வரை இங்கே தோண்டினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ஒலிவ எண்ணெய்ச் செக்குகள் கிடைத்தன, கி.மு. 7ஆம் நூற்றாண்டில் எண்ணெய் ஏற்றுமதிக்கென்றே இருந்த ஊர் இது. கடைசிப் பருவத்தில், 1996இல், கோயில் இடிபாட்டில் ஐந்து வரிக் கல்வெட்டு ஒன்று. பாதி என்பவனின் மகன் ஆகீஷ், எக்ரோனின் அதிபதி, தன் தேவிக்கு இந்தக் கோயிலைக் கட்டினான் என்று முன்னோர் பெயர்களோடு. அந்தப் பாதியும் ஆகீஷும் அசீரிய ராஜாக்களின் பதிவுகளிலும் வருகிறார்கள். அதற்கப்புறம் வாதம் இல்லை. ஆனாலும் பலகை இன்னும் பழைய இடத்தில்தான் இருக்கிறது.

செப்பனியா 2ஆம் அதிகாரத்தில் எக்ரோன் வேரோடு பிடுங்கப்படும் என்று வரும், எபிரேயத்தில் அது பெயரை வைத்து ஆடிய விளையாட்டு, 'பிடுங்கு' என்ற வினையும் எக்ரோனும் ஒரே ஒலி. பிடுங்கிய பெயர் போய் இன்னொரு இடத்தில் முளைத்திருக்கிறது. பெரிய ஊர் அழிந்தால் மிச்சம் இருப்பவர்கள் பக்கத்தில் தண்ணீர் உள்ள இடத்துக்குப் போகும்போது பெயரையும் எடுத்துப்போகிறார்கள். நிலத்தைவிட ஆளோடுதான் பெயர் ஒட்டுகிறது.

காத்திலும் இதே கூத்து, அங்கே தப்பு செய்தவர்கள் நம் காலத்து ஆட்கள். 1950களில் கிர்யாத் காத் என்று புது நகரம் கட்டியபோது பக்கத்து மேடுதான் கோலியாத்தின் காத் என்று நினைத்துப் பெயர் வைத்தார்கள். தோண்டினால் பொருந்தவில்லை. உண்மையான காத், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி தெல் எஸ்-சாஃபி. சாஃபி என்றால் அரபியில் தெளிவு, தூய்மை. சுண்ணாம்புப் பாறை வெயிலில் கண்ணைக் கூசுகிறது, சிலுவைப் போர்க்காரர்களும் இதை 'வெள்ளைக் காவல்' என்றுதான் அழைத்தார்கள். இங்கே பழைய பெயர் முழுக்கச் செத்துவிட்டது, நிறம் மட்டும் பெயராக நின்றது. சீரியாவின் ஆசகேல் ராஜா காத்தைப் பிடித்தான் என்று 2 இராஜாக்கள் 12இல் ஒரே ஒரு வரி வருகிறது. ஆரேன் மாயிர் 1996இலிருந்து இங்கே வேலை செய்து, ஊரைச் சுற்றி வெட்டிய முற்றுகைப் பள்ளத்தையும் கி.மு. 9ஆம் நூற்றாண்டின் எரிந்த அழிவையும் காட்டினார். காத் என்றால் ஆலை, திராட்சை மிதிக்கும் தொட்டி. கெத்செமனேயில் இருக்கும் 'கெத்' அதே சொல்தான், எண்ணெய் ஆலை. இதை மாமாவிடம் சொன்னதும் வேதாகமத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டார்.

வெள்ளி, லாகீஸ்

பெரிய மேடு, நல்ல பலகைகள், சுற்றிலும் திராட்சைத் தோட்டம். 1890இல் பிளிண்டர்ஸ் பெட்ரி தெல் எல்-ஹெசி என்ற மேட்டை லாகீஸ் என்று நினைத்துத் தோண்டினார். அது லாகீஸ் இல்லை, ஆனால் அங்கேதான் அவர் பானை ஓட்டை வைத்து அடுக்கடுக்காகக் காலம் சொல்லும் முறையை இந்த நாட்டில் தொடங்கினார். தப்பான ஊரில் சரியான பாடம். 1929இல் ஆல்பிரைட் தெல் எத்-துவெய்ர்தான் லாகீஸ் என்றார், அங்கேதான் இப்போது நிற்கிறோம்.

இங்கே கேசேர் மாதிரிப் பாறை எழுத்து கிடையாது. ஆதாரம் வேறு விதம். அசீரிய ராஜா சனகெரிப் கி.மு. 701இல் லாகீஸைப் பிடித்ததைத் தன் நினிவே அரண்மனைச் சுவரில் செதுக்கி, பெயரையும் எழுதி வைத்தான். அந்தச் சிற்பத்தில் முற்றுகைச் சரிவு ஒன்று மதிலை நோக்கி ஏறுகிறது. மேட்டின் தென்மேற்கு மூலையில் அந்தச் சரிவு இன்றும் கிடக்கிறது, லட்சக்கணக்கான வயற்கற்கள், மேலே சாந்து பூசியது. அதில் நின்று மேலே பார்த்தால், ஏறியவனுக்கும் மேலிருந்து எறிந்தவனுக்கும் நடுவில் எவ்வளவு கொஞ்சம் தூரம் என்று தெரிகிறது. அப்புறம் 1935இல் ஸ்டார்க்கி வாசல் அறையில் எடுத்த கடிதங்கள், ஓட்டில் மையால் எழுதியவை. அதில் ஒன்று, லாகீஸின் தீ அடையாளத்துக்காகக் காத்திருக்கிறோம், அசெக்காவைக் காண முடியவில்லை என்கிறது. எரேமியா 34இல் மிஞ்சியிருந்த இரண்டு கோட்டைகளாகச் சொல்வதும் இதே இரண்டைத்தான். இதை வைத்தும் சிலர் ஒத்துக்கொள்ளாமல் வாதாடினார்கள். என்னைக் கேட்டால் அந்தச் சரிவு ஒன்றே போதும்.

சனி

வடக்கே திபேரியாவுக்கு வண்டி ஓட்டியதோடு நாள் முடிந்தது. ஓய்வுநாள் என்பதால் ஹோட்டல் லிப்ட் பொத்தானை அழுத்தாமலேயே ஒவ்வொரு மாடியிலும் தானாக நின்று நின்று போகிறது. கடை எல்லாம் மூடல். கொண்டுவந்த அவலும் வெல்லமும் கைகொடுத்தன.

ஞாயிறு, பெத்சாயிதா

பேதுரு, அந்திரேயா, பிலிப்பு மூவரின் ஊர். பொருள் வெளிப்படை, மீன்பிடி வீடு. அதனால்தான் தகராறு. எத்-தெல் என்ற மேட்டைத்தான் ராபின்சன் சொன்னார், 1987 முதல் ராமி ஆராவ் அங்கே தோண்டுகிறார், பெத்சாயிதா என்ற பலகையும் அங்கேதான். ஆனால் அது ஏரிக்கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே. மீன்காரர் ஊர் இவ்வளவு தள்ளியா என்றால், ஏரி அப்போது இன்னும் உள்ளே வந்திருந்தது என்று பதில் வருகிறது. கரையை ஒட்டிய எல்-அராஜ் என்ற இடத்தை 2016 முதல் மொர்தெகாய் அவியாமும் ஸ்டீவன் நாட்லியும் தோண்டுகிறார்கள். ரோமர் காலத்து மண்ணும், மேலே பைசாந்தியக் கோயிலும் கிடைத்தன. 2022இல் அந்தக் கோயில் தரையின் கிரேக்க எழுத்தில் 'பரலோக அப்போஸ்தலரின் தலைவர்' என்று ஒரு வேண்டுதல் வாசகம், பேதுருவைத்தான் அப்படி அழைப்பார்கள். என் ஓட்டு எல்-அராஜுக்கு. அங்கே போகும் பாதை சகதி, கொசு, மாட்டுச் சாணம். பலகை உள்ள இடத்தில் கார் நிறுத்தமும் கழிப்பறையும் சுத்தமாக இருக்கின்றன.

திங்கள், தாண்

'தாண் துவக்கிப் பெயெர்செபா மட்டும்' என்று வேதாகமம் திரும்பத் திரும்பச் சொல்லும் வட எல்லை. எர்மோன் அடிவாரம், ஊற்றுத் தண்ணீர் பாய்கிற சத்தத்தில் பேசுவது கேட்கவில்லை. மரங்களுக்கு நடுவே மர நடைபாதை, மாமா முதல் தடவையாகக் காந்த ஊசியை மறந்துவிட்டு நடந்தார்.

அரபுப் பெயர் தெல் எல்-காதி. காதி என்றால் நியாயாதிபதி. எபிரேயத்தில் 'தாண்' என்பதன் வேரும் நியாயம் தீர்ப்பது, ஆதியாகமம் 30இல் ராகேல் அதைச் சொல்லித்தான் பிள்ளைக்கு அந்தப் பெயரை வைக்கிறாள். ஆக ஒலி போய்விட்டது, பொருள் மட்டும் மொழிபெயர்ந்து வந்துவிட்டது. ராபின்சன் காலத்திலேயே இதைப் பிடித்துவிட்டார்கள். அப்புறம் ஆவ்ராஹாம் பிரான் 1966 முதல் தோண்டி, 1976இல் ஒரு கல்லை எடுத்தார். கிரேக்கத்திலும் அராமேயத்திலும் 'தாணில் இருக்கிற தேவனுக்கு' என்று ஒருவர் செய்த பொருத்தனை. 1993இல் இங்கேயே கிடைத்த, 'தாவீதின் வீடு' என்று எழுதிய அராமேயக் கல்வெட்டுத்தான் உலகப் புகழ் பெற்றது, ஆனால் ஊரை அடையாளம் காட்டியது பொருத்தனைக் கல்தான்.

நடைபாதையின் முடிவில் பச்சைச் செங்கல் வாசல், கி.மு. 18ஆம் நூற்றாண்டு அளவில் கட்டியது, வளைவு இன்னும் முழுசாக நிற்கிறது, மேலே கூரை போட்டுப் பாதுகாக்கிறார்கள். பலகையில் 'ஆபிரகாம் வாசல்'. ஆபிரகாம் லோத்தை மீட்கத் தாண் வரை துரத்தினார் என்ற ஆதியாகமம் 14ஐ வைத்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் தாண் கோத்திரத்தார் இந்த ஊரைப் பிடித்துத் தங்கள் தகப்பன் பெயரை வைத்தார்கள், முன்பு அதற்கு லாயீஸ் என்று பேர் என்பதை நியாயாதிபதிகள் 18 தெளிவாகச் சொல்கிறது. ஆபிரகாம் வந்திருந்தால் லாயீஸுக்குத்தான் வந்திருப்பார். மாமா அந்த வசனத்தை எடுத்து, பக்கத்தில் நின்ற வழிகாட்டியிடம் விரலை வைத்துக் காட்டினார், தமிழில். அந்த ஆள் ரொம்ப மரியாதையாகத் தலையாட்டிவிட்டுத் தன் கூட்டத்தை வாசல் முன்னால் படம் எடுக்க வரிசையாக நிறுத்தினார். அடுத்து எங்களையும் நிற்கச் சொன்னார். மாமா நின்றார்.